கல்லூரிக்கு ஒரு கிரண் ஜெட் விமானம் கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு

விமானப்படை ஓய்வு கொடுத்த கிரண் பயிற்சி ஜெட் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கல்லூரி வளாகத்தில் நிறுத்தும் பொறுப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் என் தலையில் இருந்தது. தென் தமிழகத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் ஆசிரியராக இருக்கிறேன். விமானம் இலவசம் என்று சொன்னார்கள். அது உண்மைதான், விமானத்துக்கென்று நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அதைப் பிரித்து, ஏற்றி, இறக்கி, மறுபடி பூட்டி, நிலையாக நிறுத்துவதற்குள் கல்லூரியின் பணம் ஒன்பது லட்சத்துக்கு மேல் போனது. என் கையிலிருந்து போட்டதில் தொண்ணூறாயிரம் அளவுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது வேறு கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் தொலைபேசியில் விவரம் கேட்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

எத்தனையோ விமானங்கள் இருக்க, கிரணை ஏன் கேட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இது நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட ஜெட் பயிற்சி விமானம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் வி. எம். காட்கே தலைமையில் உருவானது. 1964 செப்டம்பர் 4 அன்று சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி இதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். 1968 முதல் விமானப்படைக்கு வரத் தொடங்கி, அதுவரை பயிற்சிக்கு இருந்த வாம்பயர் விமானங்களின் இடத்தைப் பிடித்தது. பயிற்றுநரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அமைப்பு இதன் சிறப்பு. மாணவரின் கை எங்கே போகிறது, கண் எந்தக் கருவியைப் பார்க்கிறது என்பதைப் பயிற்றுநர் தலையைத் திருப்பியே கவனித்துவிடலாம். போர் விமானியாகப் போகிற இளைஞர்களின் பல தலைமுறைகள் ஜெட் விமானத்தில் முதன்முதலாகக் கைவைத்தது இதில்தான். நம் தாம்பரத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளியிலும் நீண்ட காலம் கிரண்தான் பறந்தது. 1996-இல் தொடங்கப்பட்ட சூர்ய கிரண் சாகசக் குழு 2011 வரை வானத்தில் வித்தை காட்டியது இதன் இரண்டாம் வகையில். இன்று அந்தக் குழு ஹாக் என்ற உயர்நிலைப் பயிற்சி ஜெட்டில் பறக்கிறது. ஹாக் வருவதற்கு முன்பு, கிரணை விட்டு இறங்கிய இளம் விமானி நடுவில் ஏற்ற ஒரு படி இல்லாமல் மிக்-21 போர் விமானத்தில் ஏற வேண்டியிருந்தது என்பதும், அதனால் எழுந்த விவாதங்களும், ஹாக்குக்கான ஒப்பந்தம் 2004-இல்தான் கையெழுத்தானது என்பதும் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. புத்தகப் படத்தைக் காட்டி இதையெல்லாம் சொல்வதைவிட விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நிற்கவைத்துச் சொன்னால் மனதில் பதியும் என்று நம்பினேன். இன்றும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

கடிதப் போக்குவரத்தில் மட்டும் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராணுவச் சொத்து கைமாறும்போது நான்கு மேசையைத் தாண்டித்தான் வரும். ஆனால் அனுமதிக் கடிதம் வந்த சந்தோஷத்தில் அதை ஒருமுறை படித்துவிட்டு நிர்வாகத்திடம் கொடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு வந்ததில், விமானம் எந்த நிலையில் எங்கே நிற்கிறதோ அந்த நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி இருந்தது. ஒட்டுமொத்தச் செலவும் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருக்கிறது. பிரிப்பது, தூக்குவது, ஏற்றுவது எல்லாம் பெற்றுக்கொள்பவர் பொறுப்பு. என்னென்ன பாகங்கள் கழற்றப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுடையதில் வைப்பர் இன்ஜின் இல்லை, வானொலிக் கருவிகள் இல்லை, விமானி அறையில் சில அளவுமானிகள் இருந்த இடத்தில் வட்ட ஓட்டைகள்தான் இருந்தன. இது முன்பே தெரிந்திருந்ததால் என் பாடத்திட்டத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிந்தது.

இன்னொரு காகிதம் இதைவிட முக்கியம். கிரணில் ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே எறியும் மார்ட்டின் பேக்கர் இருக்கைகள் உண்டு. அவை வெடிமருந்துத் தோட்டாக்களால் இயங்குபவை. இரண்டு இருக்கைகளிலிருந்தும், மேல் கண்ணாடி மூடியைப் பிரித்தெறியும் அமைப்பு இருந்தால் அதிலிருந்தும், தோட்டாக்கள் அகற்றப்பட்டன என்று தகுதியுள்ள அதிகாரி கையெழுத்திட்ட சான்று கையில் இல்லாமல் ஒரு மாணவரையும் உள்ளே உட்காரவிடாதீர்கள். ஆக்சிஜன் உருளை, ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்த வாயு அடைத்துவைத்திருக்கும் கலன், எரிபொருள் தொட்டியில் தங்கிய ஆவி ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. விமானத்தைப் பிரிக்க வந்த வெல்டிங் ஆள் ஒருவர் இறுகிப்போன ஒரு போல்ட்டைச் சூடாக்கி எடுத்துவிடலாம் என்று கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. எரிபொருள் தொட்டிக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்று கெஞ்சி நிறுத்தினேன். அந்த வேலைக்கு ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும்தான் மருந்து.

பிரிக்கும் வேலைக்கு யாரை அழைப்பது என்று தெரியாமல் திண்டாடியபோது தெய்வாதீனமாகக் கிடைத்தவர், விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். கிரணிலேயே பல ஆண்டுகள் கை அழுக்காகியவர். வந்த முதல் நாளே ஒரு பை நிறையத் துணிப்பைகளும் அட்டைச்சீட்டுகளும் கொண்டுவந்தார். "சார், இறக்கையைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. கழற்றிய போல்ட் எந்தத் துளைக்குச் சொந்தம் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிய வேண்டும், அதுதான் வேலை" என்றார். ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்தவுடன் அதன் துளையைப் படம் பிடித்து, சீட்டில் எண் எழுதி, பையில் கட்டினோம். "ஐயா, இவ்வளவு தேவையா?" என்று கேட்ட கிரேன்காரரிடம் அவர் பதில் சொல்லாமல் அடுத்த பையைக் கட்டினார். பிறகு வளாகத்தில் பூட்டும்போது அந்தப் பைகள்தான் எங்களைக் காப்பாற்றின. உங்கள் ஊரில் இப்படி ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர்கள் நிச்சயம் இருப்பார்கள், முன்னாள் படைவீரர் சங்கங்களில் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்த ஒன்றேகால் லட்சம்தான் இந்த முழுக் காரியத்தில் மிகப் பயனுள்ள செலவு.

விமானத்தின் நீளம் 10.6 மீட்டர், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10.7 மீட்டர். நீளம் நாற்பதடி டிரெய்லரில் அடங்கிவிடும். அகலம் அடங்காது. சாலையில் போகும் சரக்கு வண்டியின் அகலத்துக்கு 2.6 மீட்டர் என்ற வரம்பு இருக்கிறது, அதை மீறினால் தனி அனுமதி, இரவில் ஓட்டத் தடை, முன்னால் வழிகாட்டும் வண்டி என்று கதை நீளும். ஆகவே இறக்கைகளையும் வால் பகுதியின் கிடைத்தகடுகளையும் கழற்றியே தீர வேண்டும். கழற்றிய இறக்கையைப் படுக்கவைத்து ஏற்றலாம் என்று டிரெய்லர் உரிமையாளர் சொன்னார். படுக்கவைத்தால் அகலமும் மிஞ்சும், தகடும் நசுங்கும். முன்விளிம்பு கீழே வருமாறு நிறுத்தி, இறக்கையின் வளைவுக்கு ஏற்பப் பலகையில் வெட்டிய தாங்கிகளில் வைத்து, இடையில் பழைய மெத்தைப் பஞ்சு கொடுத்து ஏற்றுவதுதான் முறை. தாங்கிகள் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைப் பெரியவர் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். உள்ளே குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தில் மட்டுமே எடை விழ வேண்டும், சட்டம் இல்லாத இடத்தில் தகடு வெறும் தோல். கிரேனில் இரும்புக் கம்பிவடம் வேண்டாம், அகலமான நைலான் பட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். பேசி முடிக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வந்து நின்றபிறகு கேட்டால் அரைநாள் வாடகை போய்விடும்.

காப்பீட்டு விஷயத்தில்தான் தலை சுற்றிப்போனது. வழிப்பயணக் காப்பீடு எடுக்கப் போனால் பொருளின் மதிப்பு என்ன, பில் எங்கே என்று கேட்டார்கள். விலை கொடுத்து வாங்காத பொருளுக்குப் பில் எங்கிருந்து வரும்? இழுத்தடித்துக் கடைசியில் ஒரு தோராய மதிப்பைப் போட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் "பழைய பொருள், கீறல் நசுங்கல் சேராது" என்ற வரி உள்பக்கத்தில் இருந்ததைச் சேதம் நடந்தபிறகுதான் ஏஜெண்ட் காட்டினார். சரக்குச் சீட்டிலும் இதே சிக்கல் உண்டு. விற்பனை இல்லாததால் டெலிவரி சலான், இ-வே பில், அனுமதிக் கடிதத்தின் நகல், கல்லூரியின் ஏற்புக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். ஒரு நகல் உங்கள் கையிலும், ஒரு நகல் கல்லூரியிலும் இருக்கட்டும். நடு இரவில் வண்டியை நிறுத்திக் கேட்கிற அதிகாரிக்கு ராணுவ விமானம் ஒன்று டிரெய்லரில் போவது இயல்பாகத் தெரியாது, அவர் கேட்பதில் தவறும் இல்லை.

டிரெய்லருக்குப் பின்னால் வாடகைக் காரில் நான் மட்டும் போனேன். கல்லூரியிலிருந்து உடன் ஒருவரையும் அனுப்பவில்லை. தேர்வுப் பணி இருக்கிறது என்றார்கள். முதல் இரவு ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் அதிகாலை, ஒரு ஊருக்குள் நுழையும் வளைவில், டிரெய்லரின் பின்பகுதி உள்ளே வெட்டி, சாலையோர இரும்புத் தூணில் வலது இறக்கையின் பின்விளிம்பு உரசிக்கொண்டே போனது. காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தும் நிற்பதற்குள் முடிந்துவிட்டது. இறங்கி ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு அலுமினியத் தகடு சுருண்டு எழுந்திருந்தது. ரிவெட் தலைகள் வரிசையாகத் தெறித்து, ஒவ்வொரு துளையும் நீள்வட்டமாக இழுபட்டிருந்தது. தகட்டின் உள்பக்கம் பூசிய மஞ்சள்பச்சைப் பூச்சு புத்தம்புதிதாகத் தெரிந்தது, அத்தனை ஆண்டுகளாக அதை வெளிச்சம் தொடவே இல்லை. பெங்களூரில் யாரோ ஒரு தொழிலாளி அன்றைக்குக் கை வைத்துப் பூசிய பூச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாலையோரத்தில் நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

விடிவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இது எங்கே விழுந்த விமானம், எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார்கள். சிலர் டிரெய்லர்மேல் ஏறி விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒரு இளைஞர் நினைவுக்காக எதையாவது திருகி எடுக்கப் பார்த்தார். ஒருபக்கம் விரட்டினால் மறுபக்கம் ஏறினார்கள். கல்லூரித் தாளாளருக்குப் போன் செய்தால் மணி அடித்து ஓய்ந்தது. டிரெய்லர் உரிமையாளர், காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி வாடகை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஓட்டுநர் அண்ணன் மட்டும், "சார், நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, தார்ப்பாயை எடுத்து இறக்கை முழுவதும் போர்த்திக் கட்டினார். அந்தத் தார்ப்பாயைத் தொடக்கத்திலேயே போர்த்தியிருந்தால் பாதிக் கூட்டம் வந்திருக்காது. நீங்கள் கட்டாயம் போர்த்திக் கொண்டுபோங்கள். கூடவே இரண்டு பேராவது போங்கள், ஒருவர் டிரெய்லருக்கு முன்னாலும் ஒருவர் பின்னாலும். புறப்படும் முன் அதே பாதையில் காரில் ஒருமுறை போய்வந்து, தாழ்ந்த மின்கம்பி, குறுகிய வளைவு, பாலத்தின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஓட்டுநரிடம் கொடுங்கள். டிரெய்லருக்குப் பேசியது ஒன்றே முக்கால் லட்சம், காத்திருப்பு வாடகையும் மாற்றுப்பாதையும் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டியது. காப்பீட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை.

வளாகத்துக்கு வந்து சேர்ந்ததும் வேறு ஒரு போராட்டம். நிர்வாகத்துக்கு விமானம் முன்வாசலில், உயரமான தூணின்மேல், மூக்கைத் தூக்கிப் பறப்பதுபோல் நிற்க வேண்டும். மாணவர் சேர்க்கை விளம்பரத்துக்கு அது அழகாக இருக்கும். எனக்கு அது தரையில், மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். தூணில் ஏற்றிவிட்டால் அது பாடம் ஆகாது, பொம்மையாகிவிடும். இதற்காக நான் பலரின் மனக்கசப்பைச் சம்பாதித்தேன். கடைசியில் வென்றது என் வாதம் இல்லை, கட்டுமானப் பொறியாளரின் கணக்கு. காற்றழுத்தக் கணக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. சாதாரண விளம்பரப் பலகைக்கே இந்தக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். இதுவோ இறக்கை. காற்று பட்டால் மேலே தூக்கும்படியே செதுக்கப்பட்ட பொருள், அதிலும் மூக்கு நிமிர்ந்து நின்றால் தூக்குவிசை இன்னும் கூடும். இன்ஜினும் இல்லை, எரிபொருளும் இல்லை, ஆகவே எடை குறைவு. தூணுக்கும் அடித்தளத்துக்கும் அவர் போட்ட மதிப்பீட்டைப் பார்த்ததும் நிர்வாகம் தரையிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தது. உங்கள் கல்லூரியிலும் இந்தப் பேச்சு வரும். ஆசிரியர் வாயால் சொல்வதற்குப் பதிலாகப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டை மேசையில் வையுங்கள்.

தரையில் வைத்தாலும் பழைய டயர்களை நம்பி நிறுத்தக் கூடாது. ஜாக்கி கொடுக்கும் இடங்கள் விமானத்தின் அடியில் குறித்திருக்கும், அங்கே இரும்புத் தாங்கி கொடுத்து எடையை ஏற்றி, சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி விடுங்கள். நான்கு பக்கமும் கான்கிரீட்டில் வளையம் பதித்துக் கட்டுங்கள். அசையும் கட்டுப்பாட்டுத் தகடுகளுக்குப் பூட்டு போடாவிட்டால் ஆடிக்காற்றில் அடித்துக்கொண்டே இருந்து கீல் தேய்ந்துவிடும். காற்று உள்ளே போகும் வாய்களிலும் பின்னால் புகைபோகும் குழாயிலும் கம்பிவலை அடியுங்கள். எங்களுக்கு வலை வருவதற்குள் தேனீ கூடு கட்டிவிட்டது, அதை எடுக்க ஆள் தேடியது தனிச் செலவு. அடிவயிற்றில் மழைநீர் வடியச் சிறுதுளைகள் இருக்கும். புதுப் பெயின்ட் அடிப்பவர் அவற்றை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீர் தேங்கினால் உள்ளிருந்தே அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகிவிடும். காணாமல்போன போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் இரும்பு போல்ட்டை நேரடியாகப் போட்டாலும் இதே அரிப்பு வரும், இடையில் பூச்சோ வாஷரோ கொடுத்துப் பிரிக்க வேண்டும். மேல் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, அக்ரிலிக். அதைத் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் ஓடி மங்கிவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். விமானத்தின்மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கைச் சொற்களையும் சிவப்பு முக்கோணங்களையும் மறைத்துக் கல்லூரிச் சின்னம் வரைய வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் நான் கடைசி வரை இணங்கவில்லை.

இப்போது மூன்றாமாண்டு மாணவர்களின் விமானக் கட்டமைப்பு வகுப்பு பாதி நாள் அங்கேதான் நடக்கிறது. போன பருவத்தில் ஒரு மாணவி, விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுத் தடியை அசைக்கச் சொல்லிவிட்டு, அடியில் மல்லாந்து படுத்து, எந்தக் கம்பி எந்த நெம்புகோலைத் தள்ளி எப்படி இறக்கை முனை வரை போகிறது என்று கையால் தொட்டுத் தொட்டு வரைந்து முடித்தாள். நான் கரும்பலகையில் பலமுறை வரைந்தும் விளங்காத இடம் அது. சேதமான பின்விளிம்பைத் திருத்தும் வேலையையும் மாணவர்களுக்கே கொடுத்திருக்கிறேன். கிழிந்த தகட்டை வெட்டி எடுத்து, விரிசல் ஓடாமலிருக்க முனைகளை வட்டமாக்கி, ஒட்டுத்தகடு அளவெடுத்து, ரிவெட் இடைவெளியைக் கணக்கிட்டு அடிக்கிறார்கள். பெரியவர் மாதம் ஒருமுறை வந்து, சரியில்லாத ரிவெட்டைச் சாக்பீஸால் சுழித்துவிட்டுப் போகிறார், அவர்கள் அதை எடுத்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி, கூரை. வெயிலும் மழையும் நேரடியாக விழுந்தால் நான் மேலே சொன்ன எந்தப் பராமரிப்பும் நீண்ட நாள் நிற்காது. தகரக் கொட்டகைக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறேன், கோப்பு நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது. ஆகவே புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கொட்டகைக்கும் அடித்தளத்துக்கும் நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பிறகு பிரிக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள், அதன் பிறகு போக்குவரத்துக்கு ஒன்றுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, காத்திருப்பு வாடகை எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். இந்த மூன்றும் கோப்பில் சேர்ந்தபிறகு விமானப்படைக்கு விண்ணப்பம் போடுங்கள்.